கைக்குட்டை

மலைச் சாலையில் ஏறிக்கொண்டிருக்கும் வண்டியை நடுவழியில் நிறுத்தி, பின்னுக்கு உருளவிடாமல் மீண்டும் கிளப்பிப் பார்த்தவர்களுக்கே புறப்பாடு என்னும் சொல்லின் கனம் விளங்கும். சமதரையில் பேசிக்கொண்டே வண்டியை எடுத்துவிடலாம். மேட்டில் அவ்வாறு இயலாது. அங்கே புறப்படும் முன் வண்டி ஒரு கணம் நிற்கின்றது. இயந்திரம் முன்னே இழுக்கின்றது. மலை பின்னே இழுக்கின்றது. ஓட்டுகின்றவனின் இரு பாதங்களுக்கிடையே அந்த வழக்கு தீர்க்கப்படுகின்றது.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் நாம் கொல்லிமலைக்குச் சென்றிருந்தோம். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரத்தை அடைந்தால், அங்கிருந்து ஏற்றம் தொடங்குகின்றது. உச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். எண்ணிக்கொண்டே ஏறுவது குழந்தைகளுக்கு விளையாட்டு. வயிறு கலங்குகின்ற பெரியவர்களுக்கோ, தஸ்பீஹ் மணியை உருட்டுவது போன்ற ஆறுதல். வண்டியை ஓட்டியவன் நம் மாமன் மகனுக்கு மகள் வயிற்றுப் பேரன். இருபத்து மூன்று வயது. கோவையில் ஒரு வாகனப் பட்டறையில் வேலை. பழைய சிறு கார் ஒன்றை வாங்கி, அதன் இயந்திரத்தைத் தானே பிரித்துத் தானே கோத்து வைத்திருக்கின்றான். அவனுடைய நன்னா, அதாவது நம் மச்சான், மவுத்தாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவர் இருந்திருந்தால் முன் இருக்கை அவருக்கு உரியது. அவர் இடத்தில் நாம் அமர்ந்திருந்தோம். பின்னால் பையனின் தாயும் நம் வீட்டாரும் இருந்தார்கள்.

நாற்பதாம் வளைவைக் கடந்திருப்போம். எதிரே ஒரு பேருந்து வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டு இறங்கி வந்தது. மலைச் சாலையில் ஏறி வருகின்ற வண்டிக்கே முதல் உரிமை என்பது விதி. ஆயினும் வளைவுக்குள் புகுந்துவிட்ட பேருந்தைப் பின்னுக்குப் போகச் சொல்ல முடியுமா? பையன் நிறுத்தினான். நமக்குப் பின்னால், ஒரு கை நீளத்தில், சிமெண்டு மூட்டை ஏற்றிய சிறு லாரி ஒன்றும் மூச்சிரைத்து நின்றது. பேருந்து ஊர்ந்து கடந்தது. இனி நாம் புறப்பட வேண்டும். முன்னே மலை, பின்னே லாரி, பக்கத்தில் பள்ளம். பின்னாலிருந்த பெண்கள் இருவரும் ஸலவாத்து ஓதத் தொடங்கிவிட்டார்கள்.

பையன் கைப்பிரேக்கை இழுத்து வைத்தான். முதல் கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல மெல்ல விட்டான். ஓர் இடத்தில் இயந்திரத்தின் ஒலி சற்றே தாழ்ந்தது. வண்டியின் உடம்பு சிலிர்த்தது. கிளட்சு பிடிக்கின்ற இடம் அதுதான். அங்கே பாதத்தை அசையாமல் நிறுத்தி, ஆக்சிலேட்டரை ஓர் இழை கூட்டி, கைப்பிரேக்கை இறக்கினான். வண்டி ஓர் அங்குலமும் பின்னே போகவில்லை. நீர் மேல் இலை நகர்வதைப் போல் முன்னே சென்றது. நாம் மாஷா அல்லாஹ் என்றோம்.

அவன் சிரித்தான். "இது என்ன நன்னா! டிராக் ஸ்ட்ரிப்பில் நின்று ஒரு தடவை வண்டியைக் கிளப்பிப் பார்க்கணும். அதுதான் வித்தை" என்றான். மிச்சமிருந்த வளைவுகள் முழுவதும் அந்த வித்தையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். பொறியியல் படித்த பிள்ளைகள் தம் தொழிலைப் பற்றிப் பேசும்போது கேட்டுக்கொண்டே இருக்கலாம். அவன் சொன்னதையும், பின்னர் நாம் படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதையும் சேர்த்து வாசகர்களுக்குத் தருகின்றோம்.

டிராக் பந்தயம் என்பது வளைவே இல்லாத பந்தயம். நேரான ஒரு பாதை. அதில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வண்டிகள். நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, கால் மைல் தூரத்தை, அதாவது 1,320 அடியை, முதலில் கடப்பவருக்கு வெற்றி. அமெரிக்காவில் தெற்குக் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளிலும், பின்னர் ஊர்த் தெருக்களிலும் இளைஞர்கள் இவ்வாறு ஓடிக்கொண்டிருந்தார்கள். 1950-இல் சாண்டா அனா என்னும் ஊரின் விமான ஓடுதளத்தில் இதற்கென்று ஒரு பந்தயப் பாதை ஏற்பட்டது. 1951-இல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய அளவில் ஒரு சங்கம் நிறுவினார். தெருவில் ஓடுகின்ற பிள்ளைகளைத் தெருவிலிருந்து எடுத்து, வேலி கட்டிய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே அவருடைய நோக்கங்களுள் முதன்மையானது.

ஓட்டம் சில நொடிகளில் முடிந்துவிடும். அதற்கு முன் நடக்கின்ற ஆயத்தமோ பல நிமிடங்கள். முதலில் பின்னே ஈரமாக்கி வைத்த இடத்தில் சக்கரங்களை வேண்டுமென்றே சுழலவிடுகின்றார்கள். டயர் சுடேறிப் புகை கிளம்புகின்றது. காண்பவர் கண்ணுக்கு அது ஆர்ப்பாட்டம். ஓட்டுகின்றவனுக்கோ அது டயரின் அழுக்கைப் போக்கி, ரப்பரைப் பிசுபிசுப்பாக்குகின்ற வேலை. பிறகு வண்டி புறப்பாட்டுக் கோட்டை நோக்கி ஊர்கின்றது. இதற்கு ஸ்டேஜிங் என்று பெயர். பாதையின் குறுக்கே, தரையை ஒட்டி, கண்ணுக்குப் புலப்படாத இரண்டு ஒளிக்கற்றைகள் பாய்ந்துகொண்டிருக்கும். அவற்றுக்கு இடையே 7 அங்குல இடைவெளி. முன்சக்கரம் முதல் கற்றையை மறைத்தவுடன், எதிரே கம்பத்தில் ஒரு சிறு விளக்கு எரியும்: கோட்டை நெருங்கிவிட்டாய் என்று பொருள். இன்னும் 7 அங்குலம் ஊர்ந்து இரண்டாம் கற்றையை மறைத்தால் அடுத்த விளக்கு எரியும்: கோட்டில் நிற்கின்றாய் என்று பொருள். நூறு மைல் வேகத்துக்கு மேல் பாயப் போகின்ற வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டும். நடுங்குகின்ற காலுக்கு அது கைவராது.

இதிலே ஒரு மரியாதையும் உண்டு. ஒருவர் முதல் விளக்கை ஏற்றிவிட்டால், மற்றவரும் தம் முதல் விளக்கை ஏற்றும் வரை பொறுத்திருப்பார்; அதன் பின்னரே இரண்டாம் விளக்குக்கு நகர்வார். எதிராளியை அவசரப்படுத்தி, அவர் மனம் நிலைகொள்ளும் முன்னே ஓட்டத்தைத் தொடங்கிவிடக் கூடாது என்பதற்காக ஓட்டுநர்கள் தமக்குள் வைத்துக்கொண்ட அதபு இது. தோற்கடிக்க வந்த இடத்திலும் எதிராளி ஆயத்தமாகட்டும் என்று காத்திருக்கின்ற இந்தப் பண்பு நம் மனத்தைத் தொட்டது.

இருவரும் கோட்டில் நின்றபின், கம்பத்தில் மஞ்சள் விளக்குகள் மூன்று மேலிருந்து கீழாக எரிகின்றன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் அரை நொடி. பின்னர் பச்சை. பல நிற விளக்குகள் அடுக்கடுக்காக எரிவதால் இந்தக் கம்பத்துக்குக் கிறிஸ்துமஸ் மரம் என்று பெயர் வைத்திருக்கின்றார்கள். தேர்ந்தவர்கள் ஓடும் பிரிவுகளில் மஞ்சள் மூன்றும் ஒன்றாக எரிந்து, 0.4 நொடியில் பச்சை வந்துவிடும். பச்சையைக் கண்டபின் காலை எடுப்பவன் பிந்திவிடுவான். கண் கண்டதை மனம் அறிந்து, மனம் அறிந்ததைக் கால் செய்து, கால் செய்ததைச் சக்கரம் உணர நேரம் பிடிக்கின்றது. எனவே கடைசி மஞ்சளிலேயே கால் அசைய வேண்டும். ஆனால் பச்சைக்கு முன் சக்கரம் கற்றையை விட்டு விலகிவிட்டால் சிவப்பு விளக்கு எரியும்; எவ்வளவு விரைவாக ஓடினாலும் அந்த ஓட்டம் செல்லாது.

விந்தை ஒன்று உண்டு. வண்டி ஓடுகின்ற நேரத்தை அளக்கும் கடிகாரம், பச்சை எரிந்தவுடன் ஓடத் தொடங்குவதில்லை. முன்சக்கரம் கற்றையை விட்டு நகர்ந்த பின்னரே தொடங்குகின்றது. பச்சைக்கும் புறப்பாட்டுக்கும் இடையே கழிந்த நேரம் தனிக் கணக்கு. ஒருவன் பச்சை எரிந்து 0.2 நொடியில் புறப்பட்டு 12 நொடியில் ஓடுகின்றான் என்று கொள்வோம். மற்றவன் 0.5 நொடி தயங்கிப் புறப்பட்டு 11.8 நொடியில் ஓடுகின்றான். விரைவான வண்டி இரண்டாமவனுடையது. ஆயினும் இறுதிக் கோட்டை முதலில் தொடுபவன் முதலாமவன். விரைவாக ஓடியவன் தோற்றுப்போகின்றான்.

இனிக் கிளப்புதல். ஆக்சிலேட்டரை முற்றிலும் மிதித்துக் கிளட்சைப் பட்டென்று விட்டால், சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், புகை வரும், வண்டி நகராது. வழுக்குகின்ற ரப்பருக்குத் தரையைப் பற்றும் வலிமை குறைவு. அஞ்சிக் குறைவாக மிதித்தாலோ இயந்திரம் முக்கி அடங்கிப்போகும். இரண்டுக்கும் நடுவே, வழுக்கலாமா வேண்டாமா என்று டயர் எண்ணுகின்ற விளிம்பில் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். வண்டி பாயும்போது அதன் பாரம் பின்னே சாய்கின்றது. பின்சக்கரம் இழுக்கின்ற வண்டிக்கு அது நன்மை. அழுத்தம் கூடிப் பிடிப்பும் கூடுகின்றது. பழைய அம்பாசிடர், பியட் கார்களெல்லாம் அவ்வகை. 1983-இல் வந்த மாருதி முதலாக நம் சாலைகளை நிறைத்த சிறு கார்களோ முன்சக்கரத்தால் இழுக்கப்படுபவை. அவை பாயும்போது இழுக்கின்ற சக்கரத்தின் மேலுள்ள பாரமே குறைந்துவிடுகின்றது. "மலை ஏறும்போதும் அதே கதைதான் நன்னா; மூக்கு மேலே போனால் முன்சக்கரம் லேசாகிவிடும். அந்த வளைவில் நான் பட்ட பாடு அதுதான்" என்றான் பையன். அவன் லேசாகச் செய்ததாக நாம் எண்ணியது லேசானதன்று என்பது அப்போது விளங்கிற்று.

செம்மேட்டில் வண்டியை நிறுத்தித் தேநீர் அருந்தினோம். அங்கே வல்வில் ஓரியின் சிலை இருக்கின்றது. கடையெழு வள்ளல்களுள் ஒருவன். இந்தக் கொல்லிக்குத் தலைவன். அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்துச் சென்றதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கின்றார். அவன் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். அவனைப் போரில் வீழ்த்திய மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்குக் காரி என்று பெயர். ஏறியவனும் ஊர்தியும் ஒரே பெயரில் வழங்கிய காலம் அது. குதிரையோடு பெயர் பிணைந்த இராவுத்தர் குடியில் பிறந்த நமக்கு அந்தச் செய்தியில் ஒரு சொந்தம் தோன்றிற்று. பையனுக்கு அந்த அம்பின் கதையைச் சொன்னோம். நாணை இழுத்துப் பிடித்திருக்கின்ற அந்தக் கணந்தான் அவன் சொல்லுகின்ற ஸ்டேஜிங் என்றோம். அவன் முகம் மலர்ந்தது. நம்மைத் தன் கூட்டாளியாகவே எண்ணிவிட்டான் போலும். குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று கேட்டான்.

"நன்னா, வருகிற ஞாயிறு பஜ்ருக்குப் பிறகு, அடிவாரத்துக்கு இப்பால் நேராக ஒரு ரோடு இருக்கே, அங்கே நானும் என் கூட்டாளியும் வண்டியை ஓட்டிப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். அந்த நேரம் ஒரு ஈ காக்கை இருக்காது. விளக்கு, கம்பம் எல்லாம் நம்மிடம் ஏது? நீங்கள் நடுவில் நின்று ஒரு கைக்குட்டையைப் போட்டால் போதும்."

நம் கையிலிருந்த தேநீர் ஆடிற்று. கோப்பையைக் கீழே வைத்தோம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டிய இடத்துக்கு இந்தப் பையன் நம்மை அங்குலம் அங்குலமாக நகர்த்திக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான்.

1970-களின் இறுதியில் நாமும் மச்சானும் சென்னைக்குப் போய்ச் சோழவரம் பந்தயம் பார்த்தோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953-இல் தொடங்கிய சென்னை மோட்டார் பந்தயக் கழகத்தார் அங்கே பந்தயங்கள் நடத்திவந்தார்கள். வெயிலில் மணிக்கணக்காக நின்றோம். ஓட்டம் முழுவதையும் நம்மால் காண முடியவில்லை. தூரத்தில் புழுதியும் ஒலியுமாகப் போய்விட்டன. நாம் கண்டது புறப்பாட்டை. வரிசையாக வண்டிகள் உறுமிக்கொண்டு நிற்க, ஒருவர் கொடியை உயர்த்திப் பிடித்திருந்தார். அவர் கை இறங்கியவுடன் உலகமே அவிழ்த்து விடப்பட்டதைப் போல் இருந்தது. மச்சான் பந்தயக்காரர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாமோ அந்தக் கொடிக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மச்சானின் தந்தைக்கு, நம் மாமாவுக்கு, நாமக்கல்லில் வாகனப் பட்டறை இருந்தது. லாரிக்குக் கூடு கட்டுகின்ற ஊர் என்று நாமக்கல் பெயர் பெற்றதை வாசகர்கள் அறிவர். மாமாவின் பட்டறையில் லாரியோடு கார்களும் பழுது பார்ப்பதற்கு வரும். நாம் விடுமுறைக்கு அங்கே போவது வழக்கம். சோழவரத்திலிருந்து திரும்பிய மறுவாரம், மாமா வெளியூர் போயிருந்த ஒரு விடியற்காலையில், பட்டறையில் நின்ற ஒரு பியட்டையும் ஒரு ஹெரால்டையும் ஊருக்கு வெளியே நேர்ச்சாலைக்குக் கொண்டுபோனோம். இரண்டும் பிறர் வண்டிகள். மாமாவை நம்பி விட்டுப்போன அமானிதங்கள். பியட்டில் மச்சான். ஹெரால்டில் பட்டறையில் வேலை பார்த்த நண்பர் ஒருவர். நமக்கு அப்போது நன்றாக ஓட்டத் தெரியாது. ஆகவே கொடிக்காரர் பதவி நம்முடையது. கொடி இல்லை, கைக்குட்டை இருந்தது.

சுண்ணாம்புக் கட்டியால் சாலையின் குறுக்கே கோடு கிழித்தோம். இரண்டு வண்டிகளின் முன்சக்கரங்களும் கோட்டில் சரியாக நிற்கின்றனவா என்று குனிந்து பார்த்தோம். ஒருவர் விரற்கடை முந்தியிருந்தார், பின்னுக்கு நகர்த்தினோம். நடுநிலை தவறக் கூடாது அல்லவா? அவ்வளவு கவனம் நமக்கு! எல்லாம் சரியானபின், மச்சான் நம்மைப் பார்த்துத் தலையசைத்தார். கையை உயர்த்தினோம். கைக்குட்டையை விட்டோம்.

சாலையின் மறுகோடியை நாம் பார்க்கவில்லை. வயலிலிருந்து சாலைக்கு ஏறுகின்ற வண்டித்தடம் ஒன்று அங்கே இருந்தது. வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று அந்தத் தடத்தின் வழியாகச் சாலைக்கு ஏறிக்கொண்டிருந்தது. மச்சான் ஒடித்தார். பியட் வண்டியின் பின்பகுதி மாட்டை இடித்துவிட்டுப் புளியமரத்தில் போய் நின்றது. வண்டிக்காரர் வைக்கோலோடு சரிந்து பிழைத்தார். ஒரு காளை இறந்தது. மச்சானின் இடக்கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது. நாம் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவர் கண்ணைத் திறந்து, "ஹெரால்டு எங்கே, நாந்தானே முன்னே?" என்று கேட்டார்.

நான்கு மாதம் மருத்துவமனையில் கிடந்தார். கால் மிஞ்சிற்று; நடை மிஞ்சவில்லை. வாழ்நாள் முழுவதும் சாய்ந்து சாய்ந்தே நடந்தார். மாமா இருந்த நிலத்தில் ஒரு பகுதியை விற்று, கார்க்காரருக்கும் காளைக்காரருக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார். காளைக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு, இறந்துபோன மாட்டின் கழுத்து மணியை மட்டும் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு போனது இன்றும் கண்ணில் நிற்கின்றது. கைக்குட்டை போட்டது யார் என்று மாமா கேட்டபோது மச்சான் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை. பின்னாளில் பிள்ளைகள் கேட்டால், லாரியிலிருந்து விழுந்துவிட்டேன் என்பார் மச்சான். அந்தப் பொய்யைச் சொன்னவர் அவர். அதன் பயனை அனுபவித்தவர் நாம்.

இவை அனைத்தையும் செம்மேட்டுத் தேநீர்க் கடையில் அந்தப் பையனிடம் சொன்னோம். அவன் தாயும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அது புதிது. நெடுநேரம் யாரும் பேசவில்லை.

பின்னர் அவனுக்கு இதையும் சொன்னோம். பந்தயம் தீது என்று நாம் கூறவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கின்றார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் உள்ள செய்தி. பழக்கி மெலிய வைத்த குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து தனிய்யத்துல் வதா வரை. பழக்கப்படாத குதிரைகளுக்குத் தனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை. இளைஞரான இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் ஓடியிருக்கின்றார்கள். அந்தச் செய்தியில் நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. எங்கே தொடங்க வேண்டும் என்பது மட்டும் அங்கே வகுக்கப்படவில்லை. எங்கே முடிய வேண்டும் என்பதும் வகுக்கப்பட்டிருந்தது. எந்தக் குதிரையால் எவ்வளவு தாங்க இயலும் என்பதும் எண்ணிப் பார்க்கப்பட்டிருந்தது.

டிராக் ஸ்ட்ரிப்பின் சிறப்பும் அதுவே. இறுதிக் கோட்டுக்கு அப்பால், வண்டி நின்று அடங்குவதற்கென்றே நீண்ட வெற்றுப் பாதை வைத்திருக்கின்றார்கள். அதுவும் போதாமற்போனதுண்டு. 2008-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில் ஸ்காட் கலிட்டா என்னும் புகழ்பெற்ற ஓட்டுநரின் வண்டி, இயந்திரம் வெடித்து, நிற்க இடமின்றிப் பாதையின் எல்லையைத் தாண்டிப் போய் அவர் உயிரிழந்தார். அதன்பின் மிக வேகமான பிரிவுகளுக்கு ஓடுகின்ற தூரத்தையே 1,320 அடியிலிருந்து 1,000 அடியாகக் குறைத்துவிட்டார்கள். நிற்பதற்கு இடம் வேண்டும் என்பதற்காக ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டார்கள். தொடக்க நாட்களில் அங்கும் கொடிக்காரர்தாம் நின்றார். 1963-இல் அந்த விளக்குக் கம்பம் வந்து அவர் வேலையை எடுத்துக்கொண்டது. மனிதன் கையிலிருந்து அந்தப் பொறுப்பை இறக்கிவைத்தவர்களை நாம் மனமார வாழ்த்துகின்றோம்.

பொதுச் சாலையில் அரசின் எழுத்து மூலமான இசைவு இன்றிப் பந்தயம் ஓடுவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். 2019-இல் செய்த திருத்தத்துக்குப் பின் முதல் குற்றத்துக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். சட்டத்தைச் சொல்லி அவனை அச்சுறுத்துவது நம் எண்ணமன்று. போக வேறு வழியும் இருக்கின்றது. சோழவரத்துக்குப் பின் 1990-இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தளம் வந்தது. மோட்டார் சைக்கிள்களுக்கான தேசிய டிராக் போட்டிகள் அங்கே நடந்திருக்கின்றன. 2003-இல் கோவை செட்டிப்பாளையத்தில் மற்றொரு தளம் வந்தது. மகாராட்டிரத்து ஆம்பி வேலியின் விமான ஓடுதளத்தில் கார்களே கால் மைல் ஓடியிருக்கின்றன. தூரம் உண்டு, செலவு உண்டு, தலைக்கவசம், சோதனை, உரிமம் என்று நூறு தடைகள் உண்டு. அந்தத் தடைகள்தாம் அவனுக்கும் புளியமரத்துக்கும் இடையே நிற்பவை.

பையன் தலை குனிந்தவாறே கேட்டான்: "நன்னா உங்கள் மேல் கோபப்படவே இல்லையா?"

அதையும் சொன்னோம். மச்சான் வீடு திரும்பிய பின் வந்த முதல் ஹஜ்ஜுப் பெருநாள். அவர் முகத்தை நேரில் காண அஞ்சி, தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலின் பின்வாசல் வழியாக நழுவப் பார்த்தோம். கோலூன்றிக்கொண்டு அவரே அந்த வாசலுக்கு வந்து நின்றார். முஆனக்கா செய்தார். பையிலிருந்து புதிய வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை எடுத்து நம் கையில் வைத்து, "பெருநாள் காசுக்குப் பதிலாக இது. மூக்குத் துடைக்க மட்டும் வைத்துக்கொள்" என்றார். சொல்லிவிட்டு அவரே உரக்கச் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகை வந்தது. அந்தக் கைக்குட்டை அன்றே அதற்குரிய வேலையைத் தொடங்கிற்று.

பின்னாலிருந்து விசும்பல் கேட்டது. பையனின் தாய் முந்தானையால் கண்களை ஒற்றிக்கொண்டிருந்தாள். தன் தந்தையின் காலைப் பற்றி அவளுக்கு இப்போதுதான் தெரிந்திருக்கின்றது. அவள் நம்மை என்ன நினைத்தாளோ என்று நாம் அஞ்சிக்கொண்டிருக்க, அவள் எழுந்து வந்து, நம் முன் ஆறிக் கிடந்த தேநீரை எடுத்துவிட்டுச் சூடாக வேறொன்று வாங்கி வைத்தாள். தந்தைக்கு ஏற்ற மகள்.

மாலையில் இறங்கினோம். இறக்கத்தில் பையன் இரண்டாம் கியரிலேயே வண்டியை அடக்கிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு வளைவிலும் ஒலிப்பான் கொடுத்தான். ஏறி வருபவர்களுக்கு ஒதுங்கி நின்று வழிவிட்டான். காரவள்ளியில் சமதரை வந்ததும் அவன் சொன்ன அந்த நேர்ச்சாலையும் வந்தது. உண்மையாகவே அழகான சாலைதான். கண்ணுக்கெட்டிய வரை ஒரு கோணல் இல்லை. அவன் ஓரமாக வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நாம் ஒன்றும் கூறவில்லை. கூற வேண்டியதை மலை மேலேயே கூறிவிட்டோம்.

சிறிது நேரத்தில், ஆளே இருக்காது என்று அவன் சொன்ன அந்தச் சாலையின் மறுகோடியில், வரப்பிலிருந்து ஓர் ஆடு ஏறிற்று. அதன் பின்னே மற்றொன்று. பிறகு மந்தை முழுவதும். அதற்குப் பின்னால் தோளில் கோலை வைத்துக்கொண்டு ஒரு சிறுமி. அவர்கள் அவசரமின்றிச் சாலையைக் கடந்தார்கள். பையன் கிளட்சை மிதித்தபடியே காத்திருந்தான். கடைசிக் குட்டி ஒன்று நடுச்சாலையில் நின்று நம் வண்டியை உற்றுப் பார்த்தது. சிறுமி திரும்பி வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனாள்.

சாலை வெறுமையாயிற்று. அதன்பின்னும் ஒரு கணம் நிதானித்து, "போகலாமா நன்னா?" என்று கேட்டான்.

போகலாம் என்றோம். பிஸ்மி சொல்லி வண்டியை எடுத்தான்.